சர்க்கரை நோயுள்ள குழந்தையின் பல்லும் ஈறும்: பெங்களூர்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பது என் தொழில். முதல் வகை நீரிழிவு, அதாவது இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தப் பெற்றோர் மிகவும் கவனமானவர்கள். நேற்று இரவு சர்க்கரை மீட்டரில் என்ன எண், விடியற்காலையில் என்ன எண் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பிள்ளையின் வாயைத் திறந்து கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும் அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா அப்பாவைப் பார்ப்பார். தினமும் ஒருமுறை வாயைப் பார்க்கும் பழக்கம் உங்கள் வீட்டில் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இன்சுலின் அளவை மாற்றுவது உங்கள் சர்க்கரை டாக்டரின் வேலை. இங்கே படித்ததை வைத்து அதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தினமும் ஊசி போடுகிறோம், எண்ணும் ஓரளவு சரியாக இருக்கிறது. பிறகு ஏன் பல்லைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டும்?

ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலின் பார்த்துக்கொள்ளும். பல்லில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அதனால் தொடவும் முடியாது. ஒரு பிஸ்கட்டுக்குக் கணக்குப் பார்த்து ஊசி போட்டால் மீட்டரில் எண் ஏறாமல் இருக்கும். ஆனால் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் சிக்கிய மாவைக் கிருமிகள் அமிலமாக மாற்றிக்கொண்டேதான் இருக்கும்.

எண் அதிகமாக இருக்கும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். உமிழ்நீரிலும், ஈறின் ஓரத்தில் கசியும் நீரிலும் சர்க்கரை கூடிவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் போவதால் உடலில் நீர் குறைந்து வாய் வறள்கிறது. அமிலத்தைக் கழுவிப் பல்லைக் காப்பது உமிழ்நீர்தான். அது குறையும்போது பல்லுக்குக் காவல் இல்லை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் அப்போது மந்தமாகிவிடுவதால் ஈறு சீக்கிரம் வீங்குகிறது, புண் ஆற நாளாகிறது.

இது இரு பக்கமும் ஓடுகிற வண்டி. ஈறில் நீண்டகால அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது என்பது பெரியவர்களிடம் நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. குழந்தைகளிடமும், பல்லின் வேரில் சீழ் வைத்திருக்கும்போது காரணம் தெரியாமல் எண் ஏறிக்கொண்டே போவதுண்டு. உணவையும் ஊசியையும் சரிபார்த்தும் விடை கிடைக்கவில்லை என்றால் வாயைத் திறந்து பாருங்கள்.

அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்குச் சொத்தை அதிகமாக வருமா?

கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது. ஆய்வு முடிவுகளே இரண்டு விதமாக இருக்கின்றன. இனிப்பைக் கட்டுப்பாடாகச் சாப்பிடுவதால் இவர்களில் சிலருக்குச் சொத்தை குறைவு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அதிகம்.

ஈறு விஷயத்தில் சந்தேகமே இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 6 முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு ஈறு பல்லைவிட்டு விலகுவது அந்தச் சிறு வயதிலேயே அதிகமாக இருப்பது தெரிந்தது. ஈறு நோய் என்றால் 40 வயதுக்கு மேல் வருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆரம்பப் பள்ளியிலேயே தொடங்கலாம். அதனால்தான் என்னிடம் வருபவர்களுக்குச் சொத்தையைவிட முதலில் ஈறைக் காட்டிப் பேசுகிறேன்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. பிரஷை நிறுத்திவிட்டு விரலால் தேய்க்கச் சொல்லலாமா?

கூடாது. பயத்தால் பெற்றோர் செய்வது இது. ஆனால் நோயை வளர்ப்பதும் இதுதான்.

ஈறின் ஓரத்தில் கிருமிப் படலம் தங்கிவிட்டதால்தான் ரத்தம் வருகிறது. அந்தப் படலத்தை அகற்றினால்தான் நிற்கும். மிக மென்மையான பிரஷை எடுத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும். ஒழுங்காகத் துலக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். குறையவில்லை என்றால் காரை, அதாவது கல்போல் இறுகிப்போன படலம், படிந்திருக்கும். அதைப் பிரஷால் எடுக்க முடியாது, பல் மருத்துவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பாட்டிமார் சொல்வதை நம்ப வேண்டாம். பல்லை ஆட வைப்பது காரை. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஈறு வீக்கத்தோடு நிற்கும்வரை அதை முழுமையாகச் சரிசெய்துவிடலாம். அடியில் எலும்பு கரையத் தொடங்கினால் போன எலும்பு தானாகத் திரும்பி வராது. ஆரோக்கியமான ஈறு துலக்கும்போது ரத்தம் விடாது என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். 13, 14 வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு இன்னும் எளிதாக வீங்கும். அதே வயதில்தான் எண்ணும் கட்டுக்கு அடங்காது, அம்மா சொல்வதும் காதில் ஏறாது. அப்போது அதட்டுவதைவிடக் கண்ணாடி முன் நிறுத்திச் சிவந்த ஈறைக் காட்டுவது பலன் தரும்.

இரவில் அடிக்கடி லோ ஆகிறது, அதாவது ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுகிறது. தூக்கத்தில் எழுப்பி ஜூஸோ சர்க்கரையோ கொடுக்கிறோம். அது பல்லில் அப்படியே தங்கிவிடுமே, என்ன செய்வது?

இதைக் கேட்கும் அம்மாக்களிடம் நான் முதலில் சொல்வது: அந்த நிமிடத்தில் பல்லைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 70-க்குக் கீழே போய்விட்ட குழந்தைக்குச் சர்க்கரைதான் மருந்து. பல்லுக்குப் பயந்து ஒரு விநாடிகூடத் தாமதிக்கக் கூடாது.

எதைக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க இடமிருக்கிறது. குளுக்கோஸ் மாத்திரை அல்லது தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் பொடி முதல் தரம். வேகமாக ஏற்றும், வாயில் ஒட்டாது. பொடி இல்லாவிட்டால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஜூஸும் பலன் தரும், ஆனால் அதில் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்திருக்கிறது. கடலை மிட்டாய், டாஃபி, ஜெல்லி போன்றவை பல்லிடுக்கில் மணிக்கணக்காக ஒட்டிக்கொள்ளும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதையே தாமதமாக்கும். லோவுக்குச் சாக்லேட் வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது பொதுவான கணக்கு. 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம், 40 கிலோ பிள்ளைக்கு 12 கிராம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 4 கிராம். பதற்றத்தில் கை நிறைய அள்ளிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 300-ஐத் தொடும், பல்லுக்கும் அதிகச் சுமை. உங்கள் பிள்ளைக்கான அளவை டாக்டரிடம் கேட்டு, காகிதத்தில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

15 நிமிடம் கழித்து மறுபடி எண்ணைப் பாருங்கள். ஏறிவிட்டது, பிள்ளை தெளிவாக இருக்கிறது என்றால் இரண்டு மடக்கு வெறும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் ஈரமான சுத்தமான துணியை விரலில் சுற்றிப் பல்லை ஒருமுறை துடைத்துவிடுங்கள். அரைத்தூக்கத்தில் குளியலறைக்கு இழுத்துப் போய்ப் பிரஷ் போட வைக்க வேண்டியதில்லை. ஜூஸ் குடித்த உடனே துலக்கினால் அமிலத்தில் இளகிய பல்லின் மேற்பரப்பு தேய்ந்துவிடும். காலையில் வழக்கம்போல் துலக்கினால் போதும்.

குழந்தை மயங்கிவிட்டாலோ விழுங்க முடியாமல் இருந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டாக்டர் குளுக்ககான் (ரத்தச் சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) கொடுத்திருந்தால் அதைப் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரத்தில் மூன்று நான்கு இரவு இப்படி ஆகிறது என்றால் அது பிரஷால் தீர்கிற விஷயம் இல்லை. இன்சுலின் அளவையோ இரவு உணவையோ மாற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள். எந்தெந்த நேரத்தில் லோ ஆனது என்று குறித்துக்கொண்டு சர்க்கரை டாக்டரிடம் போங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் வாயில் போகும் சர்க்கரை பகலில் போவதைவிடப் பல மடங்கு கெடுதல். சில பிள்ளைகள் பயத்தில் தலையணைக்கு அடியில் டாஃபி வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். திட்டாதீர்கள். டாஃபியை எடுத்துவிட்டு அதே இடத்தில் குளுக்கோஸ் மாத்திரை வையுங்கள்.

லோ ஆகாமல் இருக்கப் படுக்கும் முன் பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்பே துலக்கிவிடுகிறோம்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் பால், பிறகு துலக்கல், பிறகு தூக்கம். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடக் கூடாது.

விழப் போகிற பால்பல்தானே? சொத்தையை அப்படியே விட்டுவிட்டால் என்ன?

கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. 5 வயதில் சொத்தையான பல்லை விழும்வரை விட்டுவைப்பது என்றால் பிள்ளை ஆறேழு வருடம் வலியைச் சுமக்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத குழந்தைக்கே அது பாவம்.

உங்கள் பிள்ளைக்கு அதோடு ஆபத்தும் சேர்கிறது. காலை 7 மணிக்கு மூன்று இட்லிக்குக் கணக்குப் போட்டு இன்சுலின் கொடுத்துவிட்டீர்கள். ஒரு இட்லி சாப்பிட்டதும் பல் வலிக்கிறது என்று பிள்ளை தட்டைத் தள்ளிவிடுகிறது. உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. பள்ளி பஸ்ஸில் லோ ஆகும். சாப்பாட்டில் அடம் பிடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்த பல பெற்றோர், உண்மைக் காரணம் ஒரு சொத்தைப்பல் என்று பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சின்னக் குழந்தைக்கு ஊசி, டிரில் எல்லாம் வேண்டாம் என்று தோன்றினால், சொத்தை பரவாமல் நிறுத்த 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற, பல்லில் பூசும் மருந்து இருக்கிறது. சொத்தை இருக்கும் இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும்; முன்பல்லுக்குப் போடும் முன் யோசித்து முடிவெடுங்கள்.

எந்தப் பற்பசை, எவ்வளவு?

ஃபுளோரைடு உள்ளது. பெட்டியின் பின்பக்கத்தில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவு எழுதியிருக்கும். 1000 பிபிஎம் என்பது இந்தியாவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. பல்லைக் காக்கவும் ஏறக்குறைய அந்த அளவு தேவை. பொம்மைப் படம் போட்ட குழந்தைப் பற்பசைகள் சிலவற்றில் ஃபுளோரைடு பாதிதான், சிலவற்றில் இல்லவே இல்லை. 3 வயது வரை அரிசி மணியளவு, அதன் பிறகு பட்டாணியளவு. துலக்கி முடித்ததும் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு எல்லாம் போய்விடும்.

காலையும் இரவும் இரண்டு நிமிடம். இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இரவை விடாதீர்கள். 7, 8 வயது வரை நீங்களே துலக்கிவிடுங்கள். தானே துலக்குவேன் என்று அடம் பிடித்தால் துலக்க விட்டு, கடைசியில் ஒருமுறை நீங்கள் தேயுங்கள். அப்போதுதான் வாயையும் பார்க்க முடியும். இரண்டு பற்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் இடத்தில் பிரஷ் நுழையாது, அங்கே பல்லிடுக்கு நூல் வேண்டும்.

ஃபுளோரைடு அளவுக்கு மீறினாலும் பல்லுக்குக் கெடுதல் என்பதால் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பெங்களூரில் காவிரி நீர் வரும் வீடு ஒரு வகை, ஆழ்துளைக் கிணற்று நீரையும் டேங்கர் நீரையும் நம்பியிருக்கும் வீடு இன்னொரு வகை. கோலார், சிக்கபள்ளாப்பூர், தும்கூர் பகுதிகளிலும், நம்மில் பலருக்குச் சொந்த ஊரான தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள இடங்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். குழந்தை அங்கே வளர்ந்திருந்தாலோ, நீண்ட விடுமுறைகளை அங்கே கழித்தாலோ பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பிள்ளை தாகத்தில் மற்றவர்களைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும் என்பதால் இவர்களுக்கு இது கூடுதல் முக்கியம்.

தாத்தா சிவப்புப் பல்பொடி, உப்பு, அடுப்புக்கரி என்கிறார்.

மூன்றும் வேண்டாம். பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும், ஃபுளோரைடும் கிடைக்காது. வலிக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதும் குழந்தையின் ஈறைச் சுட்டுவிடும். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு அந்தப் புண் ஆற நாளாகும். தாத்தாவிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பேரப்பிள்ளைக்காக என்றால் கேட்டுக்கொள்வார்.

தின்பண்டத்தை எல்லாம் நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். ஐயங்கார் பேக்கரியைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் இனி வாழ்நாள் முழுக்க ஹனி கேக்கைத் தொடாதே என்று சொன்னால், அது உங்களுக்குத் தெரியாமல் தின்னும், ஊசியும் போட்டுக்கொள்ளாது. ரத்தத்துக்கும் பல்லுக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை.

எவ்வளவு தின்கிறது என்பதைவிட ஒரு நாளில் எத்தனை தடவை தின்கிறது என்பதைப் பல் கணக்கில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வாயில் அமிலம் இருக்கும். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அந்த வேளை ஊசியில் அதையும் கணக்கிட்டுவிடலாம், பல்லுக்கும் ஒரே தாக்குதலோடு முடிந்துவிடும். கோயிலில் கிடைத்த சர்க்கரைப் பொங்கலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மதியச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். பொங்கலன்று கரும்பைக் கடிக்கட்டும், ஆனால் ஒரு துண்டை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருப்பதுதான் ஆகாது.

இனிப்பில்லை என்று நாம் அசட்டையாக விடும் சில பண்டங்களும் உண்டு. உருளைக்கிழங்கு சிப்ஸ், காராபன், மேரி பிஸ்கட் எல்லாம் மெல்ல மெல்லப் பசையாகிக் கடைவாயில் அப்பிக்கொள்ளும். ராகி மால்ட் நல்லதுதான். கடைப் பொட்டலத்தில் பாதி சர்க்கரையாக இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். பசிக்கு வேர்க்கடலை, சுண்டல், மோர், வெள்ளரிக்காய் கொடுத்தால் எண்ணும் பல்லும் இரண்டும் பிழைக்கும்.

‘சுகர் ஃப்ரீ’ பானம் குடிக்கலாமா?

எண் ஏறாது. ஆனால் கோலாவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் அமிலம் இருக்கிறது, அது பல்லை அரிக்கும். எப்போதாவது குடிக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர்தான்.

பல் மருத்துவரிடம் போகும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான டிபன், வழக்கமான ஊசி, அதன் பிறகு புறப்படுங்கள். வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு ‘வாந்தி வரும், சாப்பிடாமல் வா’ என்று யாராவது சொல்லியிருக்கலாம், உங்கள் பிள்ளைக்கு அது பொருந்தாது. பெங்களூர்ப் போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கள். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் சிற்றுண்டி நேரம் தாண்டிவிடும். பையில் மீட்டர், குளுக்கோஸ், தண்ணீர், ஒரு பழம் இருக்கட்டும்.

உள்ளே போனதும் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: குழந்தைக்கு முதல் வகை சர்க்கரை, இந்த இன்சுலின் இத்தனை யூனிட், கடைசியாக இத்தனை மணிக்குப் போட்டது. கன்னடம் சரளமாக வரவில்லை என்றால் ‘சக்கரே காயிலே’ என்றாலே புரிந்துகொள்வார்கள். சர்க்கரை டாக்டர் எழுதிய கடைசிச் சீட்டின் நகலும், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையும் கையில் இருந்தால் மொழிப் பிரச்சினையே இல்லை. நாற்காலியில் உட்காரும் முன் எண்ணைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலப் பொருள்) காட்டினால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்துவிட்டுச் சர்க்கரை டாக்டரை அழைப்பதே முறை.

மரத்துப்போகும் ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் உதடும் கன்னமும் உணர்வில்லாமல் இருக்கும். மென்றால் கன்னத்தைக் கடித்துக்கொள்ளும். அடுத்த சாப்பாடு எப்போது, அதற்கான ஊசி எப்போது என்று முன்கூட்டியே திட்டமிடுங்கள். மெல்லத் தேவையில்லாத தயிர்சாதம், கஞ்சி தயாராக இருக்கட்டும். பிள்ளை வாய் திறந்து உட்கார்ந்திருக்கும்போது லோ ஆனால் சொல்ல முடியாது. கையை உயர்த்து, டாக்டர் நிறுத்திவிடுவார் என்று முன்பே பேசிவையுங்கள். திடீரென்று வியர்த்தாலோ எரிச்சலாக அழுதாலோ பயத்தால் அழுகிறது என்று எடுத்துக்கொள்ளாமல் விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

மருந்துச் சீட்டு வாங்கும்போது, இனிப்புச் சிரப் வேண்டாம், சர்க்கரையில்லாத சிரப்போ மாத்திரையோ கொடுங்கள் என்று கேளுங்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் எண் எகிறும். அதை எழுதும் முன் சர்க்கரை டாக்டரோடு பேசச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் இதற்காக உங்களைப் பாராட்டுவார்.

சர்க்கரை இருந்தால் பல் பிடுங்கக் கூடாதாமே?

கட்டுக்குள் இருந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே பிடுங்கலாம். அதற்காக ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழ் என்பது இலக்கு. உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருக்கலாம். எண் மோசமாக இருக்கிறது என்பதற்காகச் சீழ் வைத்த பல்லை மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு, ஏனென்றால் எண்ணைக் கெடுப்பதே அந்தச் சீழாக இருக்கலாம்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை வேறு. வெறும் வயிறு கட்டாயம் என்பதால் இன்சுலினை எப்படி மாற்றுவது என்று இரு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். பட்டியலில் காலையில் முதல் ஆளாக வைக்கச் சொல்லுங்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருக்கிறது. விடியும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் பல் கிளினிக் தேட வேண்டாம்.

தொற்று இருக்கும்போது உடலுக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். பிள்ளை சாப்பிடவில்லை, அதனால் ஊசியே வேண்டாம் என்று முழுதாக நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்தான முடிவு. எண்ணை அடிக்கடி பாருங்கள், கீட்டோன் பாருங்கள், டாக்டரை அழையுங்கள். வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுத்துவிடும் மூச்சு, பழம் அழுகினாற்போலோ நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலோ வாயில் மணம் இருந்தால் அது கீட்டோஅசிடோசிஸாக, அதாவது கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். வாய் நாற்றம்தானே என்று கொப்பளிக்க வைத்துக் காலம் கடத்தாதீர்கள்.

நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறது.

துடைத்தால் வந்துவிட்டு அடியில் சிவந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். எண் பல நாட்களாக அதிகம் இருந்ததற்கான அறிகுறி அது. உதட்டோரம் வெடிப்பதும் அப்படித்தான். பூஞ்சைக்கு மருந்து உண்டு. எண் இறங்காவிட்டால் திரும்ப வரும்.

இன்சுலின் பம்ப், சர்க்கரை எண்ணைக் காட்டும் சென்சார் போட்டிருக்கிறோம். எக்ஸ்ரே எடுக்கலாமா?

எடுக்கலாம். கருவி இருப்பதை முன்பே சொல்லி, தயாரிப்பாளர் குறிப்புப்படி பம்பைக் கழற்றவோ மறைக்கவோ வேண்டுமா என்று பாருங்கள். பல்வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் சில வகைச் சென்சார்கள் உண்மையைவிட அதிக எண்ணைக் காட்டும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பல்லுக்குக் கம்பி போடலாமா?

ஈறில் ரத்தம் வராத நிலை, கட்டுக்குள் இருக்கும் எண், இரண்டு வேளையும் துலக்கும் பழக்கம் மூன்றும் இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள், கம்பி காத்திருக்கும். கம்பி கீறிய புண்ணை மெழுகு வைத்து உடனே கவனியுங்கள்.

பள்ளியில் என்ன சொல்லிவைப்பது?

வகுப்பு ஆசிரியை, விளையாட்டு ஆசிரியர், பஸ் உதவியாளர் மூவரிடமும் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். லோ ஆனால் கையில் கிடைத்த லாலிபாப்பைக் கொடுக்க வேண்டாம், இதைக் கொடுங்கள், பிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று எழுதியே கொடுங்கள். மதிய உணவுக்குப் பின் வாய் கொப்பளிக்கவும், கேட்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் விட வேண்டும். தேர்வு அறை பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: குளுக்கோஸ் மாத்திரை, பழம், தண்ணீர் போன்றவற்றைப் பொதுத்தேர்வு அறைக்குள் கொண்டுசெல்ல சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. மற்ற பாடத்திட்டப் பள்ளிகளில் தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே பேசுங்கள்.

பெங்களூரில் எங்கே காட்டுவது? தனியார் செலவு தாங்கவில்லை.

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள். நகரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் நிறைய உண்டு. கிளினிக்குகளைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும். பயிற்சி மருத்துவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வையிடுவார். நேரம் அதிகம் ஆகும் என்பதால் சிற்றுண்டியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈறில் ரத்தம் வந்தாலோ எண் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். எச்பிஏ1சி பரிசோதனை பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருப்பதால், அந்த வாரத்தையே பல்லுக்கும் வைத்துக்கொண்டால் மறக்காது, ஒரே அறிக்கை இரு மருத்துவருக்கும் உதவும். 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஓசையில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் அது. முளைத்ததும் அதன் பள்ளங்களை அடைக்கும் பூச்சையும், பல்லுக்கு ஃபுளோரைடு வார்னிஷையும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் ஊசி கிடையாது, வலியும் கிடையாது. அடுத்த பெரிய கடைவாய்ப்பல் 12 வயது வாக்கில் வரும்போது இதையே மறுபடி செய்ய வேண்டும்.